பெங்களூருல உக்காந்து 3ஜிபிபிக்கு முதல் சிஆர் அனுப்புறது எப்படி: சிக்னலிங் ஸ்டாண்டர்டு வேலைக்கு முழுமையான வழிகாட்டி

அவுட்டர் ரிங் ரோடுல இருந்து ஒயிட்ஃபீல்டு வரைக்கும் புரோட்டோகால் ஸ்டாக் எழுதுற நம்ம ஆளுங்க எத்தனையோ பேர் இருக்காங்க, மொபைல் நெட்வொர்க் ஸ்டாண்டர்டு எழுதுற 3ஜிபிபியோட 24.501 ஸ்பெக்கை செக்ஷன் நம்பரோட மனப்பாடமா சொல்லுவாங்க, ஸ்பெக்ல ஓட்டை எங்க இருக்குன்னு முதல்ல கண்டுபிடிக்கிறதும் அவங்கதான், ஏன்னா கோடு எழுத உக்காரும்போதுதான் "இந்த இடத்துல என்ன பண்ணணும்னே எழுதலையே"ன்னு தெரியவரும். ஆனா அந்த ஓட்டையை அடைக்கிறேன்னு ஒரு சேஞ்ச் ரிக்வெஸ்ட், அதாவது சிஆர், எடுத்துட்டுப் போனா பாதிப்பேர் முதல் மீட்டிங்லயே சறுக்கிடுறாங்க.

நான் 3ஜிபிபில சிக்னலிங் ஸ்பெக் எழுதுற சிடி1, சிடி4 க்ரூப் பக்கம் சில வருஷமா வேலை பாக்குறேன். எங்க டீமுக்கு புதுசா வர்ற பசங்களுக்கு திரும்பத்திரும்ப சொன்னதை இங்க வரிசையா வெச்சிருக்கேன். வரிசையை மாத்தாதீங்க, நான் பாத்த சறுக்கல்ல முக்கால்வாசி ஆறாவது படியை முதல்ல வெச்சதால வந்ததுதான்.

1. முதல்ல எழுத வேண்டியது ஒரே ஒரு வரி

சிஆருக்கு கவர் ஷீட்டுன்னு ஒரு முன்பக்கம் உண்டு. அதுல மூணு கட்டம் முக்கியம்: ஏன் மாத்தணும், என்ன மாத்துறோம், ஏத்துக்கலன்னா என்ன ஆகும். எல்லாரும் இதை கடைசியா, சப்மிட் பண்ற ராத்திரி பதினோரு மணிக்குத்தான் நிரப்புறாங்க. நீங்க மூணாவது கட்டத்துல இருந்து ஆரம்பிங்க, ஸ்பெக் ஃபைலைத் திறக்குறதுக்கு முன்னாடியே.

"ஏத்துக்கலன்னா ஸ்பெக் தெளிவில்லாம இருக்கும்"னு எழுதினா அது பதிலே இல்ல, "இருந்துட்டுப் போகட்டுமே, நாங்க சரியாத்தான் இம்ப்ளிமென்ட் பண்ணிருக்கோம்"னு ஒரு கம்பெனி சொன்னா போதும், உங்க பேப்பர் அங்கயே முடிஞ்சுது. எந்த மெசேஜ், யார் அனுப்புறாங்க, யார் தப்பா எடுத்துக்குறாங்க, அதனால சந்தாதாரருக்கு என்ன ஆகுது, எவ்வளவு நேரத்துக்கு ஆகுது, இது எல்லாம் அந்த வரியில இருக்கணும். "ரிஜெக்ட் வாங்கின போன் 12 நிமிஷம் திரும்ப முயற்சி பண்ணாம நிக்கும்"னு எழுதியிருந்தா ரூம்ல இருக்கிற ஆப்பரேட்டர்காரங்க நிமிர்ந்து உக்காருவாங்க. இந்த 12 நிமிஷம் எங்க இருந்து வருதுன்னு ஆறாவது படியில சொல்றேன்.

இந்த வரி எழுதவே முடியலன்னா பெரும்பாலும் அது ஸ்டாண்டர்டு விஷயமே கிடையாது. திருநெல்வேலியில இருந்து வந்த ஒரு தம்பி, எந்த சர்வீஸ் எந்தப் பெட்டில இருக்குன்னு சொல்ற என்ஆர்எஃப் கிட்ட டிஸ்கவரி கேட்டு வாங்குற பதிலை நெட்வொர்க் ஃபங்ஷன் உள்ளுக்குள்ள எப்படி கேஷ் பண்ணி வெச்சுக்கலாம்னு 14 பக்கம் எழுதிட்டு வந்தான். "அண்ணா, ஐடியா நல்லாதானே இருக்கு?"ன்னான். நல்லாதான் இருந்துச்சு. "ஒயர்ல என்னடா மாறுது?"ன்னு கேட்டேன், ஒரு பிட்கூட மாறல. சிக்னலிங் ஸ்டாண்டர்டு பேசுறது ரெண்டு பெட்டிக்கு நடுவுல போறதைப் பத்தியும், அது போய்ச்சேர்ந்ததும் வெளியில தெரியிற நடத்தையைப் பத்தியும் மட்டும்தான். ரெண்டு பேர் ஸ்பெக்கை ஒழுங்கா படிச்சும் ரெண்டு விதமா கோடு எழுதி, அதனால ரெண்டு பெட்டியும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்காம போகுமா? ஆமான்னா மேல படிங்க. இல்லன்னா உங்க கம்பெனி டிசைன் டாக்குமென்ட்ல எழுதி வையுங்க, அங்க அது நல்லா உதவும்.

2. எந்தக் கதவைத் தட்டணும்

3ஜிபிபில வேலை மூணு கட்டமா நடக்குது. ஸ்டேஜ் 1-ல என்ன சர்வீஸ் வேணும்னு எஸ்ஏ1 எழுதும். ஸ்டேஜ் 2-ல ஆர்க்கிடெக்சரும் மெசேஜ் ஓட்டமும், அது எஸ்ஏ2, 5ஜிக்கு 23.501, 23.502 ரெண்டும் அவங்க புத்தகம். ஸ்டேஜ் 3-ல பிட், ஃபீல்டு, டைமர், எரர் கோடு வரைக்கும் இறங்குறது சிடி க்ரூப்புகள்.

சிடிக்குள்ளயே பிரிவு உண்டு. போனுக்கும் கோர் நெட்வொர்க்குக்கும் நடுவுல போற நாஸ் சிக்னலிங் சிடி1, அதோட 24.501. கோர் நெட்வொர்க் பெட்டிகளுக்குள்ள நடக்குற பேச்சு சிடி4, அதாவது 29.500-ல ஆரம்பிச்சு 29.510, 29.518 மாதிரியான சர்வீஸ் ஏபிஐ ஸ்பெக்குகள், யூசர் டேட்டாவைக் கடத்துற யூபிஎஃப் பெட்டியை ஓட்டுற பிஎஃப்சிபி புரோட்டோகாலுக்கான 29.244. பாலிசியும் வெளி அப்ளிகேஷன் பக்கமும் சிடி3. பேஸ் ஸ்டேஷனுக்கும், போனோட ரிஜிஸ்ட்ரேஷனைப் பாக்குற ஏஎம்எஃப்புக்கும் நடுவுல போற என்ஜிஏபி சிடியில வராது, அது ரேடியோ பக்கத்து க்ரூப்பான ரான்3 எழுதுற 38.413. செக்யூரிட்டின்னா எஸ்ஏ3. புதுசா வர்றவங்க ரான்3 விஷயத்தை சிடி4-க்கு தூக்கிட்டுப் போய் "எங்க ஸ்கோப் இல்ல"ன்னு கேட்டுட்டு வர்றதை மூணு நாலு தடவை பாத்துட்டேன், ஒரு மீட்டிங் போனா ஏறக்குறைய ரெண்டு மாசம் போச்சு.

எச்டிடிபி, எஸ்ஐபி மாதிரி அடிப்படை புரோட்டோகாலையே மாத்தணும்னா அது இன்டர்நெட் புரோட்டோகால் எழுதுற ஐஈடிஎஃப் வீடு. 3ஜிபிபி அதை எடுத்துப் பயன்படுத்தும், தனக்கு வேணும்னா தன்னோட பேர் போட்ட ஹெட்டரை மேல சேர்த்துக்கும், அடியில இருக்கிறதை அங்க திருத்த முடியாது.

ஐ.நா.வோட டெலிகாம் ஸ்டாண்டர்டு அமைப்பான ஐடியு-டி பக்கம்னா ஸ்டடி க்ரூப் 11-தான் சிக்னலிங் தேவைகள், புரோட்டோகால், டெஸ்ட் ஸ்பெசிஃபிகேஷன் பாக்குறது, க்யூ வரிசை ரெக்கமெண்டேஷன்கள் அங்கதான் வருது. மொபைல் கோர் புரோட்டோகாலை பிட் வரைக்கும் அங்க எழுத மாட்டாங்க. டெஸ்டிங், பழைய எஸ்எஸ்7 சிக்னலிங்கோட பாதுகாப்பு, போலி போன்களைத் தடுக்குறது மாதிரி விஷயம்னா அந்தக் கதவு சரி. இந்தியாவுல இருந்து அங்க போறவங்க டெல்லில இருக்கிற டெலிகம்யூனிகேஷன் இன்ஜினியரிங் சென்டரோட நேஷனல் வொர்க்கிங் க்ரூப்புல முதல்ல வெச்சுப் பேசிடுங்க, நாட்டோட பேர்ல போற பேப்பர்னா அந்த வழியாத்தான் போகணும். டெட்லைன் மீட்டிங்குக்கு 12 நாள் முன்னாடி. எளிமையான வழியில ஒப்புதல் ஆகுற ரெக்கமெண்டேஷனுக்கு மீட்டிங்ல சம்மதம் கிடைச்சதும் 4 வாரம் லாஸ்ட் கால் ஓடும், அப்ப வர்ற கமெண்டுக்கு பதில் சொல்ல ஆள் இருக்கணும், மீட்டிங் முடிஞ்சதும் லீவுல போயிடாதீங்க.

இனிமே நான் சொல்றதெல்லாம் 3ஜிபிபிக்கு.

3. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

தனி ஆளா போய் சிஆர் குடுக்க முடியாது. உங்க கம்பெனியோ காலேஜோ 3ஜிபிபியோட ஏழு பார்ட்னர் அமைப்புகள்ல ஏதோ ஒண்ணுல மெம்பரா இருந்து, அந்த வழியா 3ஜிபிபி இண்டிவிஜுவல் மெம்பரா பதிவாகி இருக்கணும். இந்தியாவுக்கு அந்த அமைப்பு டிஎஸ்டிஎஸ்ஐ. பெரிய கம்பெனிகளோட பெங்களூரு ஆபீஸ்ல இருக்கிறவங்க, தாய் கம்பெனி ஐரோப்பாவோட ஈட்டிஎஸ்ஐ வழியா ஏற்கனவே மெம்பரா இருக்கான்னு முதல்ல விசாரிங்க, பெரும்பாலும் இருக்கும், உங்களுக்குத் தெரியாம இருக்கும்.

அடுத்தது போர்ட்டல் அக்கவுண்ட். ஸ்பெக்கும் பழைய மீட்டிங் பேப்பரும் டவுன்லோட் பண்ண அக்கவுண்ட் தேவையில்ல, எல்லாமே பொதுவுல இலவசமா இருக்கு. டாக்குமென்ட் நம்பர் ரிசர்வ் பண்ண, அப்லோட் பண்ண, மீட்டிங்குக்கு பதிவு பண்ணத்தான் அக்கவுண்ட் வேணும். கூடவே உங்க க்ரூப்போட ஈமெயில் லிஸ்ட்ல சேர்ந்துடுங்க, முதல் ஒரு மாசம் எதுவும் எழுத வேணாம், யார் எந்தக் கம்பெனி, யார் எந்த விஷயத்துல பிடிவாதமா நிப்பாங்கன்னு மட்டும் படிச்சுட்டே வாங்க. பின்னாடி எட்டாவது படியில இதுதான் கைகொடுக்கும்.

அப்புறம் உங்க கம்பெனிக்குள்ள பேட்டன்ட் டீம். நீங்க சொல்ற தீர்வுல பேட்டன்ட் போடக்கூடிய விஷயம் இருந்தா அப்லோட் பண்றதுக்கு முன்னாடி அவங்களுக்குச் சொல்லணும், அப்லோட் ஆன நிமிஷத்துல அது உலகத்துக்கே தெரிஞ்ச விஷயம் ஆயிடுது. இந்த உள் அனுமதிக்கு எங்க டீம்ல நான் எப்பவும் மூணு வாரம் ஒதுக்கி வெப்பேன்.

படிக்க வேண்டியது ரெண்டு. 21.900 வேலை எப்படி நடக்குதுன்னு சொல்லும், 21.801 ஸ்பெக்கை எந்த மொழியில எழுதணும்னு சொல்லும். ரெண்டாவதை படிக்காம எழுத உக்காராதீங்க.

4. யாராவது ஏற்கனவே கேட்டுட்டாங்களான்னு தேடுங்க

இந்தப் படியை எல்லாரும் தாண்டிடுறாங்க. உங்களுக்குத் தெரிஞ்ச ஓட்டை இன்னொருத்தருக்கும் தெரிஞ்சிருக்கும், ரெண்டு வருஷம் முன்னாடியே பேப்பர் வந்து நிராகரிச்சிருப்பாங்க, அதுக்கு ஒரு காரணமும் மீட்டிங் ரிப்போர்ட்ல இருக்கும்.

ஸ்பெக்கோட கடைசிப் பக்கங்கள்ல சேஞ்ச் ஹிஸ்டரி டேபிள் இருக்கு, அதுல உங்க செக்ஷனைத் தொட்ட சிஆர் எதுன்னு கண்டுபிடிங்க. அந்த சிஆரோட கவர் ஷீட்டைப் படிங்க, அப்ப எழுதினவங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு தெரியும். பிறகு மீட்டிங் ஃபோல்டர்ல அதே செக்ஷன் பேரை வெச்சு ஏத்துக்கப்படாத பேப்பர்களையும் தேடுங்க, சேஞ்ச் ஹிஸ்டரில அதெல்லாம் வராது.

நிராகரிச்ச பேப்பர் கிடைச்சா சந்தோஷப்படுங்க. எதிர்ப்பு எங்க இருந்து வரும், என்ன வாதம் வரும்னு கேள்வித்தாளே கையில கிடைச்ச மாதிரி.

5. மேல இருக்கிற ஸ்டேஜ்ல இது இருக்கா?

சிடி க்ரூப்ல உங்க பேப்பர் எழுந்ததும் வர்ற முதல் கேள்வி பெரும்பாலும் "ஸ்டேஜ் 2-ல எங்க சொல்லிருக்கு?" அப்படிங்கிறதுதான். புது பாராமீட்டர் சேர்க்குறீங்கன்னா 23.502-ல அந்த மெசேஜ் ஓட்டத்துல அது இருக்கணும், இல்லன்னா நீங்க ஆர்க்கிடெக்சரை பின்வாசல் வழியா மாத்துறீங்கன்னு அர்த்தம்.

ஸ்டேஜ் 2-ல இல்லன்னா ரெண்டு வழி. எஸ்ஏ2-ல முதல்ல சிஆர் போட்டு அது நிறைவேறினதும் சிடிக்கு வரலாம், இல்ல சிடி க்ரூப்பே எஸ்ஏ2-க்கு லயசான் ஸ்டேட்மென்ட் எழுதி "இதுக்கு உங்க பதில் என்ன?"ன்னு கேக்கலாம். லயசான் போய் பதில் வர ஒரு மீட்டிங் சுத்து ஆகும், அதுக்குத் தகுந்த மாதிரி ப்ளான் பண்ணுங்க. எரர் கையாளுறது, டைமர், என்கோடிங் மாதிரி சுத்தமான ஸ்டேஜ் 3 விஷயத்துக்கு இதெல்லாம் தேவையில்ல, அதனாலதான் புதுசா வர்றவங்களை அந்த மாதிரி ஓட்டைல இருந்து ஆரம்பிக்கச் சொல்றேன்.

6ஜில வேலை பாக்க நினைக்கிறவங்களுக்கு இந்தப் படி கொஞ்சம் வேற மாதிரி. ஸ்பெக்குகள் ரிலீஸ்னு நம்பர் போட்ட தொகுப்பா வரும்; ரிலீஸ் 20-ல 6ஜிக்கு ஸ்டடி, கட்டாய விதியா எழுதுற முதல் ஸ்பெக் ரிலீஸ் 21-ல. ஸ்டடி காலத்துல சிஆர் கிடையாது, டெக்னிக்கல் ரிப்போர்ட்டுக்கு கீ இஷ்யூ, அதுக்கு சொல்யூஷன், கடைசில கன்க்ளூஷன்னு பேப்பர் போகும். இங்க எல்லாரும் பண்ற தப்பு, கீ இஷ்யூவையே தங்களோட சொல்யூஷன் மாதிரி எழுதுறது. "இந்தப் பெட்டியை எப்படி சேர்க்கிறது"ன்னு கீ இஷ்யூ எழுதினா யாரும் கையெழுத்து போட மாட்டாங்க, "போன் எண்ணிக்கை கூடும்போது இந்த சிக்னலிங் சுமையை எப்படி குறைக்கிறது"ன்னு பொதுவா எழுதுங்க, எல்லாரும் அவங்கவங்க சொல்யூஷனோட உள்ள வருவாங்க, உங்க கேள்வி ரிப்போர்ட்ல நிலைச்சுடும். கேள்வி நிலைச்சாத்தான் உங்க பதிலுக்கே இடம் கிடைக்கும்.

6. டெக்ஸ்ட் எழுதுறது

இப்பதான் ஸ்பெக் ஃபைலைத் திறக்கணும். கடைசி வெர்ஷனா பாத்து எடுங்க. 18.4.0-ன்னா 18 ரிலீஸ், நடுவுல இருக்கிற நம்பர் ஒவ்வொரு தடவையும் டெக்னிக்கல் மாற்றம் ஏறும்போது கூடும், கடைசி நம்பர் எழுத்துத் திருத்தத்துக்கு. நான் ஒருதடவை லேப்டாப்ல கிடந்த பழைய காப்பி மேல சிஆர் எழுதிட்டு மீட்டிங்குக்குப் போனேன், நான் திருத்தின பாரா சிஆர் கடைசி ஒப்புதல் வாங்குற மீட்டிங்கான ப்ளீனரில, முந்தின தடவையே மாறிடுச்சு, பேப்பரைத் திறந்த அஞ்சு நிமிஷத்துல ஒரு டெலிகேட் அதைக் காட்டினாங்க, அடுத்த மீட்டிங் வரைக்கும் காத்திருக்க வேண்டியதாச்சு. அதுல இருந்து எங்க டீம்ல வெர்ஷன் நம்பரை ஒருத்தர் எழுதினா இன்னொருத்தர் போர்ட்டல்ல பாத்து சரின்னு சொல்லணும்னு பழக்கம் வெச்சிருக்கோம்.

ட்ராக் சேஞ்சஸை ஆன் பண்ணிட்டு ஆரம்பிங்க. ஆஃப் பண்ணி எழுதிட்டு கடைசில கம்பேர் போட்டா டேபிள் ஃபார்மேட்டெல்லாம் சிதறி, நீங்க தொடாத இடமெல்லாம் சிவப்பா தெரியும், படிக்கிறவங்களுக்கு எதை நம்புறதுன்னே தெரியாது.

ஷல், ஷுட், மே இந்த மூணு வார்த்தைக்கும் எடை வேற வேற. ஷல்னா கட்டாயம், பண்ணலன்னா டெஸ்ட்ல ஃபெயில். ஷுட்னா பரிந்துரை. மேன்னா விருப்பம். மஸ்ட்ங்கிற வார்த்தையை எழுதாதீங்க. ஒவ்வொரு ஷல்லும் யாரோ ஒருத்தர் எழுதப்போற கோடு, இன்னொருத்தர் எழுதப்போற டெஸ்ட் கேஸ், அதனால ஒரு ஷல்லுக்கு ஒரு எழுவாய் கட்டாயம் இருக்கணும்: ஏஎம்எஃப் ஷல், யூஇ, அதாவது போன், ஷல். "டைமர் நிறுத்தப்பட ஷல்"னு யார்னு சொல்லாம எழுதினா ரெண்டு பக்கமும் நிறுத்தும், இல்ல ரெண்டு பக்கமும் மத்தவன் நிறுத்துவான்னு விட்டுடும். நோட்டுக்குள்ள ஷல் போடக் கூடாது, நோட் விளக்கத்துக்கு மட்டும்தான், அங்க விதி வெச்சா அது விதியா செல்லாது.

செக்ஷன் நம்பரை மாத்தாதீங்க. நடுவுல ஒண்ணை எடுத்தா அந்த இடத்துல வாய்டுன்னு போடுங்க, புதுசா நடுவுல சேர்க்கணும்னா நம்பர் பக்கத்துல ஒரு எழுத்து சேர்த்துக்கோங்க. அந்த நம்பரை வேற ஸ்பெக்கும் டெஸ்ட் டாக்குமென்ட்டும் எங்கெங்கயோ பிடிச்சிட்டு இருக்கும், ஒண்ணை நகத்தினா எல்லாம் அறுந்துடும்.

இப்ப முக்கியமான இடம்: பழைய பெட்டி. வர்ற வருஷம் விக்கிற போனைப் பத்தி யோசிக்கிறது சுலபம், அஞ்சு வருஷம் முன்னாடி வாங்கி இனிமே அப்டேட்டே வராத போனைப் பத்தி யோசிச்சாதான் சிக்னலிங் ஸ்டாண்டர்டு எழுதலாம். அதுவும் உங்க ஸ்பெக்கோட பேசப்போகுது.

உதாரணத்துக்கு, ரிஜிஸ்ட்ரேஷன் ரிக்வெஸ்ட் மெசேஜ்ல நீங்க ஒரு புது ஐஇ, அதாவது இன்ஃபர்மேஷன் எலிமென்ட், சேர்க்குறீங்கன்னு வெச்சுக்கங்க. முக்கியமான தகவல்தானேன்னு அதை மேண்டேட்டரின்னு போட்டுட்டீங்க. பழைய போன் அதை அனுப்பாது, அதுக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. புது ஏஎம்எஃப் பாக்கும், மேண்டேட்டரி ஐஇ காணோம்னு காஸ் 96-ன்னு காரண நம்பர் போட்டு ரிஜெக்ட் அனுப்பும். 24.501 படி 95, 96, 97, 99, 111 இந்த காஸ் வந்தா போன் தன்னோட ரிஜிஸ்ட்ரேஷன் அட்டெம்ப்ட் கவுண்டரை நேரா 5-க்கு ஏத்திடணும்னு ஷுட் போட்டு இருக்கு. சாதாரணமா ஒரு முயற்சி தோத்தா டி3511 டைமர் 10 செகண்ட் ஓடி திரும்ப முயற்சி நடக்கும், கவுண்டர் 5 ஆயிட்டா அந்த வாய்ப்பு கிடையாது, டி3502 ஓட ஆரம்பிக்கும், அதோட டிஃபால்ட் 12 நிமிஷம். பக்கத்துல சேரக்கூடிய வேற நெட்வொர்க் இல்லன்னா போன் அவ்வளவு நேரம் சர்வீஸ் இல்லாம நிக்கும், முடிஞ்சதும் முயற்சி பண்ணும், திரும்ப 96 வரும், திரும்ப 12 நிமிஷம். ஒரு டேபிள்ல எம்-னு போட்ட ஒரு எழுத்தால இவ்வளவும். அதனால ஏற்கனவே வெளியான மெசேஜ்ல புதுசா சேர்க்கிறது எப்பவும் ஆப்ஷனல், அது வரலன்னா வாங்குறவர் என்ன பண்ணணும்னு ஒரு வரி சேர்த்தே எழுதணும்.

எதிர்ப்பக்கமும் யோசிங்க, புது போன் அனுப்புறதை பழைய ஏஎம்எஃப் வாங்கினா? தெரியாத ஆப்ஷனல் ஐஇயை அது கண்டுக்காம விட்டுடும். ஆனா ஐஇயோட அடையாள நம்பர்ல மேல் நாலு பிட்டும் சைபரா இருந்தா அதுக்கு அர்த்தம் "இது புரியலன்னா விடாதே"ங்கிறது, அந்த நம்பரை தெரியாம எடுத்துட்டா பழைய பெட்டி எரர் அடிக்கும். அதே மெசேஜ்ல வேற ஐஇ ஏற்கனவே வெச்சிருக்கிற நம்பரான்னும் பாருங்க, ஒரே மீட்டிங்ல ரெண்டு பேர் ஒரே நம்பரை எடுத்துட்டு வர்றது அடிக்கடி நடக்குது.

கோர் பக்கம், சிடி4-ல, இதே பிரச்சனை வேற உருவத்துல வரும். அங்க சர்வீஸ் ஏபிஐ, ஜேசன், ஓப்பன்ஏபிஐ ஃபைல். ரெண்டு பக்கமும் எதை ஆதரிக்குதுன்னு சப்போர்ட்டட் ஃபீச்சர்ஸ்ங்கிற ஃபீல்டு வழியா பேசிக்கும், ஒவ்வொரு ஃபீச்சருக்கும் ஒரு நம்பர், பிட் மாஸ்க்கா போகும். உங்க மாற்றத்தால எதிர்ப்பக்கம் வேற மாதிரி நடந்துக்கணும்னா ஒரு ஃபீச்சர் பிட் எடுங்க, அது இல்லாம "எல்லாரும் அப்டேட் பண்ணிடுவாங்க"ன்னு எழுதாதீங்க.

ஈனம் (enum), அதாவது ஒரு ஃபீல்டுக்கு வரக்கூடிய மதிப்புகளோட பட்டியல், எழுதும்போது இன்னொண்ணு. 3ஜிபிபில வளரக்கூடிய ஈனத்தை எனிஆஃப்னு, அதாவது எது பொருந்தினாலும் சரின்னு போட்டு, தெரிஞ்ச மதிப்புகளோட பட்டியல் ஒண்ணு, வெறும் ஸ்ட்ரிங் ஒண்ணுன்னு ரெண்டையும் வெப்பாங்க. வெறும் ஸ்ட்ரிங் எதுக்குன்னு கேட்டு ஒரு பொண்ணு அதை அழிச்சு சுத்தம் பண்ணிட்டா, பாத்தா தேவையில்லாத மாதிரிதான் இருக்கும். அது இல்லன்னா அடுத்த ரிலீஸ்ல ஒரு புது மதிப்பு வந்ததும், பழைய ஃபைல்ல இருந்து ஜெனரேட் பண்ண கோடு அந்த மெசேஜையே தப்புன்னு தள்ளிடும்.

டேபிள்லயும் மாத்தணும், ஓப்பன்ஏபிஐ எழுதியிருக்கிற யாமல் ஃபைல்லயும் மாத்தணும். ஒண்ணை மாத்தி இன்னொண்ணை மறக்குறதுதான் சிடி4-ல நான் அதிகமா பாக்குற தப்பு. யாமலை வேலிடேட்டர்ல ஓட்டிப் பாத்துட்டு ஒட்டுங்க, வேர்டுல ஒட்டும்போது ஸ்பேஸ் போயிடும், திரும்ப வெளிய காப்பி பண்ணி இன்னொருதடவை ஓட்டுங்க.

7. கவர் ஷீட்டை நிரப்புறது

அந்த முதல் வரி ஏற்கனவே கையில இருக்கு, அதைக் கொண்டுவந்து வையுங்க. எழுதி முடிச்ச டெக்ஸ்ட் அந்த வரியில சொன்ன பிரச்சனையை உண்மையாவே தீர்க்குதான்னு இங்க நின்னு பாருங்க, பாதிநேரம் எழுத எழுத வேற எங்கயோ போயிருக்கும்.

கேட்டகரி: எஃப்னா திருத்தம், பி-ன்னா புது ஃபீச்சர், சி-ன்னா இருக்கிற ஃபீச்சர்ல மாற்றம், டி எழுத்துத் திருத்தம், ஏ-ன்னா முந்தின ரிலீஸ்ல பண்ண திருத்தத்தை அடுத்த ரிலீஸ்லயும் காட்டுற மிரர். ஃப்ரீஸ் ஆன, அதாவது புது ஃபீச்சருக்குக் கதவு மூடின ரிலீஸ்ல பி போட்டா எடுக்க மாட்டாங்க. புது ஃபீச்சரை எஃப்னு பேர் மாத்தி உள்ள நுழைக்கப் பாக்காதீங்க, அனுபவப்பட்ட டெலிகேட் ஒரு பார்வையில கண்டுபிடிச்சுடுவாங்க, அதுக்கப்புறம் உங்க அடுத்த பத்து பேப்பரையும் சந்தேகத்தோடதான் படிப்பாங்க.

பழைய ரிலீஸ்ல கைவைக்கணும்னா தப்பு அடிக்கடி நடக்கணும், பெருசாவும் இருக்கணும். அப்படி ரிலீஸ் 16-ல திருத்தினா 17, 18, 19 ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா மிரர் சிஆர் வேணும். மிரர்னா அப்படியே காப்பி அடிக்கிறது இல்ல, பின்னாடி வந்த ரிலீஸ்ல அந்த பாராவே மாறியிருக்கலாம், ஒவ்வொண்ணையும் திறந்து பாருங்க.

வொர்க் ஐடம் கோடு, பாதிக்கப்படுற செக்ஷன்கள், வேற எந்த ஸ்பெக் மாறணும், யாமல் மாற்றம் பழசோட ஒத்துப்போகுதா இல்லையா, இதெல்லாம் நிரப்பிடுங்க. வேற ஸ்பெக் மாறணும்னு டிக் போட்டா அந்த சிஆரையும் யார் எழுதுறாங்கன்னு தெரிஞ்சிருக்கணும்.

8. மீட்டிங்குக்கு முன்னாடி ரெண்டு வாரம்

இங்க ஒருமித்த கருத்துலதான் வேலை நடக்குது. ஓட்டெடுப்பு விதியில இருக்கு, 71 சதவீதம் வேணும், ஆனா சாதாரண சிஆருக்கு யாரும் அதுவரை போக மாட்டாங்க, ஒரே ஒரு கம்பெனி காரணத்தோட பிடிச்சு நின்னாலும் உங்க பேப்பர் நின்னுடும். அதனால மீட்டிங் ரூம்லதான் அவங்க முதல்தடவையா அதைப் படிக்கிறாங்கன்னா நீங்க லேட்.

டிராஃப்டை எதிர்க்கக்கூடியவங்களுக்கு முதல்ல அனுப்புங்க. நாலாவது படியில தேடினப்ப கிடைச்ச பேரும், மூணாவது படியில ஈமெயில் லிஸ்ட் படிச்சப்ப மனசுல பதிஞ்ச பேரும்தான் உங்க பட்டியல். நம்ம பசங்களுக்கு இங்க ஒரு தயக்கம் வரும், இருபது வருஷமா இந்த வேலை பாக்குற ஒருத்தருக்கு நாம எப்படி மெயில் போடுறதுன்னு. தாராளமா போடுங்க. நாலு வரி போதும்: இந்த ஸ்பெக், இந்த செக்ஷன், ஏத்துக்கலன்னா இது ஆகும், உங்க இம்ப்ளிமென்டேஷன்ல இது எப்படி நடக்குது? கடைசி கேள்விதான் முக்கியம், பதில் வந்தா உங்க டெக்ஸ்ட்டே மேம்படும். ஒத்துக்கிட்டவங்களை கோ-சைன் பண்ணக் கேளுங்க, கவர் ஷீட்ல ரெண்டாவது கம்பெனி பேர் இருந்தாலே ரூமோட மனநிலை வேற.

நம்பர் ரிசர்வ் பண்றதுக்கு ஒரு டெட்லைன், அப்லோடுக்கு இன்னொண்ணு. டைம் யூடிசில இருக்கும், நமக்கு அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கணும்.

9. மீட்டிங் வாரம்

நேர்ல போறதா இருந்தா இன்விடேஷன் லெட்டரை மீட்டிங் பதிவோட சேர்த்தே கேட்டுடுங்க. பாஸ்போர்ட் விசா சென்டர்ல மாட்டிக்கிட்டதால பேப்பரை வேற ஒருத்தர் படிக்க வேண்டி வந்த கதை எங்க டீம்ல ரெண்டு இருக்கு. யாராவது ஒருத்தருக்கு உங்க சிஆரை முழுசா சொல்லிக்குடுத்து வையுங்க.

உங்க முறை வந்ததும் பேப்பரை முழுசா வாசிக்காதீங்க. பிரச்சனை ரெண்டு வாக்கியம், தீர்வு ரெண்டு வாக்கியம், அந்த விளைவு வரி, நிறுத்திடுங்க. கேள்வி வந்தா உடனே மறுத்துப் பேசணும்னு இல்ல, "ஆஃப்லைன்ல பேசுறேன்"னு எழுதிக்கோங்க. நிஜமான வேலை காபி இடைவேளையிலதான், லேப்டாப்பை வெச்சுக்கிட்டு அவங்க பக்கத்துல உக்காந்து "எந்த வார்த்தை இருந்தா உங்களுக்கு சரி?"ன்னு கேளுங்க. ஒரு ஷல்லை ஷுட் ஆக்கினா ஒத்துக்குவேன்னு சொல்லுவாங்க. அப்ப உங்க விளைவு வரியை திரும்பப் படிங்க, ஷுட் ஆனாலும் அது தீருமா? தீரும்னா விட்டுக்குடுங்க. தீராதுன்னா விடாதீங்க, அடுத்த மீட்டிங்குக்குத் தள்ளினாலும் பரவாயில்ல. பல் இல்லாத சிஆரை நிறைவேத்தி பிரச்சனை தீர்ந்த மாதிரி காட்டுறது ஒண்ணும் பண்ணாம இருக்கிறதை விட மோசம், அதே இடத்தை இன்னொருதடவை திறக்க யாரும் விடமாட்டாங்க.

திருத்தினா புது நம்பர்ல ரிவிஷன் போடணும். முடிவுல அக்ரீட்னா க்ரூப் அளவுல ஜெயிச்சாச்சு. மெர்ஜ்டுன்னா இன்னொருத்தர் சிஆர்ல உங்க மாற்றம் சேர்ந்துடுச்சு, அந்த சிஆரோட கடைசி ரிவிஷன்ல உங்க வரி நிஜமாவே இருக்கான்னு நீங்களே பாக்கணும். போஸ்ட்போன்டுன்னா அடுத்த தடவை. நோட்டடுன்னா படிச்சாங்க, அவ்வளவுதான்.

10. அக்ரீட் ஆனதும் வேலை முடியல

க்ரூப்ல அக்ரீட் ஆனது மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர்ல நடக்குற ப்ளீனரிக்குப் போய் அங்க அப்ரூவ் ஆகணும். க்ரூப்ல தோத்தவங்க அங்க திரும்ப எழுப்பலாம், அதனால உங்க கம்பெனி ப்ளீனரி டெலிகேட்டுக்கு ஒரு பக்கத்துல விஷயத்தை எழுதிக் குடுத்துடுங்க, அவங்களுக்கு நூத்துக்கணக்குல சிஆர் வரும், உங்களோடதோட கதை அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.

அப்ரூவ் ஆனதும் செக்ரட்டேரியட் எல்லா சிஆரையும் ஒண்ணா ஸ்பெக்ல ஏத்தி புது வெர்ஷன் வெளியிடும். அன்னைக்கே டவுன்லோட் பண்ணி உங்க பாராவைத் தேடுங்க. ஒரே பாராவை ரெண்டு சிஆர் தொட்டிருந்தா ஒண்ணோட வரி இன்னொண்ணு மேல ஏறி காணாம போயிருக்கலாம். மிரர் போட்ட ஒவ்வொரு ரிலீஸையும் திறங்க. யாமல் ஃபைல் தனியாவும் வெளியாகும், அதையும் ஸ்பெக்ல இருக்கிற டேபிளோட வெச்சு ஒப்பிட்டுப் பாருங்க, வேலிடேட்டர்ல இன்னொருதடவை ஓட்டுங்க. எங்கயாவது விடுபட்டிருந்தா அந்த ஸ்பெக்கைப் பாத்துக்கிற ராப்பர்டூருக்கு செக்ஷன் நம்பரும் சிஆர் நம்பரும் போட்டு அன்னைக்கே மெயில் அனுப்புங்க, அடுத்த ப்ளீனரிக்கு எஃப் கேட்டகரில ஒரு சின்ன சிஆர் தயாரா வெச்சுக்கோங்க.